கண்ணாடித் தளத்தில் தெரிவது: புரூஃப் நாணயங்களைப் படமெடுக்கும் முறைகள்

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி இந்திய அரசு வெளியிட்ட 1000 ரூபாய் நாணயத்தின் விட்டம் 44 மில்லிமீட்டர், எடை 35 கிராம். நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, மீதி செம்பு. அதன் புரூஃப் பிரதியைக் கேப்சூலோடு கையில் எடுத்துச் சற்றே சாய்த்துப் பாருங்கள். கோயில் வெண்மையாக எழுந்து நிற்கும். சுற்றியுள்ள வெற்றுத் தளமோ ஒரு கணம் கறுப்பாக இருக்கும், மறுகணம் சன்னலின் வெளிச்சத்தை அப்படியே வாங்கிப் பளீரென்று அடிக்கும். இந்த மாற்றத்துக்காகத்தான் சேகரிப்பாளர்கள் புரூஃப் நாணயத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அதே நாணயத்தை மேசைமேல் வைத்துச் செல்போனில் ஒரு படம் எடுத்தால் கிடைப்பது சாம்பல் நிற வட்டம், அதன் நடுவே போனின் நிழல், ஓரத்தில் ட்யூப்லைட்டின் கோடு. கையில் இருந்த பொருள் படத்தில் இல்லை.

ஏன் இல்லை, எப்படி வரவழைப்பது என்பது பலரும் பல விதமாக விடை கண்ட கேள்வி. நாணயவியல் ஆய்வாளருக்கு உருவமும் எழுத்தும் ஆண்டும் தெளிவாகத் தெரிந்தால் போதும். விற்பவருக்குக் கறுப்புத் தளமும் வெள்ளை உருவமும் எதிரும் புதிருமாக நின்று கண்ணைப் பறிக்க வேண்டும். வாங்குபவருக்குத் தளத்தில் மயிரிழைக் கீறல் உண்டா, கறை உண்டா என்று தெரிந்தாக வேண்டும். ஒரு படமெடுக்கும் முறையைப் பார்க்கும்போது, அது இந்த மூவரில் யாருக்காக உருவானது என்று கேட்டாலே அதன் பலமும் பலவீனமும் பெரும்பாலும் விளங்கிவிடுகிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தளம் கண்ணாடியாகத் தெரியாத படம், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், புரூஃப் நாணயத்தின் படமாகாது.

புரூஃப் நாணயம் புழக்கத்துக்காக அடிக்கப்படுவதில்லை. நாணயமாக அடிபடப்போகும் உலோக வில்லையையும் மெருகேற்றுகிறார்கள், அடிக்கும் அச்சையும் மெருகேற்றுகிறார்கள். மெதுவாக, கூடுதல் அழுத்தத்தில், குறைந்தது இரண்டு முறையாவது அடிக்கிறார்கள். அச்சின் தட்டையான பகுதி கண்ணாடிபோல் தீட்டப்படுவதால் நாணயத்தின் தளம் கண்ணாடியாகிறது. உருவம் குழிந்திருக்கும் பகுதியை மணல் வீச்சாலோ, இப்போது லேசராலோ நுண்ணிய சொரசொரப்பாக்குகிறார்கள். அந்தச் சொரசொரப்பு நாணயத்தில் வெண்பனிபோல் படிகிறது. ஆக ஒரே உலோகத்தில் ஒளியோடு இரண்டு விதமாக நடந்துகொள்ளும் இரண்டு மேற்பரப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பனிபூத்த உருவம், ஒளி எங்கிருந்து வந்தாலும் எல்லாப் பக்கமும் சிதறவிடும். கண்ணாடித் தளம், வந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில் மட்டும் திருப்பி அனுப்பும்.

இந்தக் கறுப்பு வெள்ளை முரண் எல்லாக் காலத்துப் புரூஃப் நாணயங்களிலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அமெரிக்காவில் 1936 முதல் 1942 வரை அடித்த புரூஃப்களில் உருவங்களும் சேர்ந்தே தீட்டப்பட்டுவிட்டதால் பெரும்பாலானவற்றில் பனிவெண்மை கிடையாது. 1950இல் மீண்டும் அடிக்கத் தொடங்கியபோது அச்சுகளை அமிலத்தில் தோய்த்துச் சொரசொரப்பாக்கினார்கள். அது முதல் சில அடிகளுக்குத்தான் நின்றது. அச்சு தேயத் தேய வெண்மை மங்கி, அதே ஆண்டின் பிந்தைய நாணயங்கள் முழுக்கப் பளபளப்பாக வெளிவந்தன. 1970களில் மணல் வீச்சும் குரோமியப் பூச்சும் வந்த பிறகே இந்த முரண் எல்லா நாணயங்களிலும் உறுதியாக நிற்கத் தொடங்கியது. அதனால் 1950, 1960களின் நாணயம் ஒன்றில் வெண்மை அடர்த்தியாக இருந்தால் அதற்குப் பல மடங்கு விலை. தரச்சான்று நிறுவனங்கள் அதைத் தனி வகையாகவே குறிக்கின்றன. படமெடுப்பவர் ஒளியை எப்படி வைக்கிறார் என்பது அழகுப் பிரச்சினை என்பதையும் தாண்டிப் பணப் பிரச்சினையாக மாறும் இடம் இது. இதைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கேமராவை நாணயத்துக்கு நேர் மேலே வைக்கிறோம் என்று கொள்வோம். நாணயத்தின் நடுப்புள்ளியில் லென்ஸுக்குத் தெரிவது லென்ஸின் பிம்பமே. நடுவிலிருந்து 22 மில்லிமீட்டர் தள்ளி, நாணயத்தின் விளிம்போரம் தெரிவது, லென்ஸின் மட்டத்தில் நடுவிலிருந்து 44 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் பொருள். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற பள்ளிப் பாடம் இதைத்தான் சொல்கிறது. எனவே 44 மில்லிமீட்டர் நாணயத்தின் தளம் முழுவதும் காட்டுவது, லென்ஸ் மட்டத்தில் 88 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் இருப்பவற்றை. கேமராவை எவ்வளவு உயர்த்தினாலும் லென்ஸ் மட்டத்தில் அந்த வட்டம் 88 மில்லிமீட்டர்தான். நாணயத்தின் விட்டத்தைப்போல் இரு மடங்கு என்பது மாறாது. தளத்தின் நிறத்தை முடிவு செய்வது இந்த வட்டத்துக்குள் நாம் வைக்கும் பொருளே. விளக்கை அந்த வட்டத்துக்கு வெளியே எங்கே வைத்தாலும் தட்டையான தளத்தில் அது தெரியாது. உண்மையில் நாணயங்கள் ஒரே சமதளமாக இருப்பதில்லை, தளத்தில் மெல்லிய வளைவு இருக்கும். அதனால் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே கணக்கில் கொள்வது நல்லது.

இந்தக் கணக்கிலிருந்து நேராகப் பிறப்பதுதான் பரவலான முதல் முறை, கறுப்புத் தள முறை. லென்ஸைச் சுற்றிக் கறுப்பு சார்ட் அட்டையை ஓட்டையிட்டு மாட்டுகிறார்கள். கடிகார முகப்பில் பத்து, இரண்டு ஆகிய இடங்களில் இரண்டு விளக்குகளை, அந்த வட்டத்துக்கு வெளியே, ஆனால் முடிந்த அளவு உயரத்தில் வைக்கிறார்கள். தளம் கறுப்பு அட்டையைப் பார்த்துக் கறுப்பாகிறது. சொரசொரப்பான உருவம் விளக்கொளியைச் சிதறவிட்டு வெண்மையாகிறது. 100 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மேக்ரோ லென்ஸ் இங்கே உதவுவதற்குக் காரணம் தூரம். கேமரா எட்ட நின்றால் விளக்குகளை லென்ஸுக்குப் பக்கத்தில், செங்குத்துக்கு நெருங்கிய கோணத்தில் வைக்க இடம் கிடைக்கும். விளக்குகள் மிகவும் தாழ்ந்தால் உருவத்தின் விளிம்புகள் மட்டும் ஒளிர்ந்து, முகத்தின் நடுப்பகுதி இருண்டுவிடும். ஒரு விளக்கைவிட இன்னொன்றைச் சற்று மங்கலாக வைத்தால் மூக்கும் கன்னமும் கோபுரத்தின் அடுக்குகளும் புடைப்பாகத் தெரியும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் வெட்டி ஒட்டிய வெள்ளைக் காகிதம்போல் தட்டையாகிவிடும்.

இந்தப் படம் கம்பீரமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தளத்தைப் பற்றி ஏதும் சொல்வதில்லை. கறுப்பு என்பது அங்கிருந்து ஒளியே வரவில்லை என்பதற்கான அடையாளம். பல மயிரிழைக் கீறல்கள் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் ஒளி விழும்போதுதான் மின்னும். இரண்டு விளக்கும் அந்தக் கோணத்தில் இல்லையென்றால் துணியால் துடைத்துக் கெடுத்த நாணயமும் மாசற்றதாகத் தோன்றும். இதைவிடப் பெரிய இழப்பு நிறம். பழைய வெள்ளிப் புரூஃப்களில் காலப்போக்கில் படியும் நீலமும் ஊதாவும் பொன்னிறமும் சாயங்கள் அல்ல. உலோகத்தின் மேல் உருவான மிக மெல்லிய படலத்தில் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் கழிந்தும் உண்டாகும் நிறங்கள் அவை. கண்ணாடித் தளத்தில் அவை நேரடி எதிரொளிப்பில் மட்டுமே தெரியும். பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகள் சேகரிப்பாளர்களுக்காகப் பழைய அச்சுகளைக்கொண்டு மறுபடி அடித்துக் கொடுத்த விக்டோரியா காலத்து வெள்ளி நாணயங்களில் இப்படி நிறம் கட்டியவை உண்டு. அவற்றைக் கறுப்புத் தள முறையில் எடுத்தால் அழுக்கேறிய கரிய வட்டம்தான் மிஞ்சும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்பது 45 பாகைக் கண்ணாடி முறை. லென்ஸுக்கும் நாணயத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சாதாரணக் கண்ணாடித் தகட்டை 45 பாகை சாய்வில் நிறுத்துகிறார்கள். புகைப்படச் சட்டத்தின் கண்ணாடி போதும், பளபளப்புத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி மட்டும் ஆகாது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கு அந்தத் தகட்டில் பட்டு நேர் கீழே நாணயத்தின்மேல் இறங்கும். தளம் அதை வந்த வழியே திருப்பி அனுப்ப, அது தகட்டைக் கடந்து லென்ஸுக்குள் போகும். விளக்கு லென்ஸின் இடத்திலேயே இருப்பதற்குச் சமம் இது. இப்போது தளம் வெண்மையாக ஒளிரும், பனி உருவம் அதைவிட இருண்டு நிற்கும். நிறங்கள் பற்றி எரிவதுபோல் எழும். கீறல் ஒவ்வொன்றும் வெண்தளத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும்.

இந்த முறையில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விளக்கொளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நாணயத்துக்கு வந்து சேரும் என்பதால் எக்ஸ்போஷர் நேரம் நீளும். ஸ்டாண்டு அசையக் கூடாது. விளக்கிலிருந்து நாணயத்துக்கு நேராக ஒளி பாயாமல் இடையே ஒரு கறுப்பு அட்டை வேண்டும். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தகட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போகும் ஒளி அங்கே சுவரில் பட்டுத் திரும்பினால், தகட்டின் மேல்முகம் அதை நேராக லென்ஸுக்குள் அனுப்பிவிடும், படம் முழுக்க வெளுத்த திரை விழும். எதிர்ப்பக்கத்தில் ஒரு கறுப்பு வெல்வெட் துணி தொங்கினால் தீர்ந்தது.

சான்றுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் பார்வைக்கு இது முழு நிறைவு தருவதாக எனக்குத் தோன்றவில்லை. கறுப்புத் தளம் எவ்வளவு தட்டையோ, முழுக்க வெளுத்த தளமும் அவ்வளவு தட்டை. மனிதக் கண் ஒரு பரப்பைக் கண்ணாடி என்று அடையாளம் காண்பது அதில் ஏதோ ஒன்று பிரதிபலிப்பதைக் காணும்போது. ஒரே சீரான கறுப்பிலோ வெளுப்பிலோ அந்தத் தடயம் இல்லை.

அதனால் எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. நாணயத்தை 5 பாகை மட்டும் சாய்ப்பது. எதிரொளிப்பு இரு மடங்காக, 10 பாகை விலகும். லென்ஸ் 300 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், தளம் பார்க்கும் வட்டம் லென்ஸை விட்டு ஏறக்குறைய 53 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். இப்போது அந்த இடத்தில் நாம் விரும்பியதை வைக்கலாம். நான் வைக்கச் சொல்வது, பின்னாலிருந்து ஒளியூட்டிய ஒரு ட்ரேசிங் பேப்பர் திரையின் ஓரத்தை. வட்டத்தின் ஒரு பாதியில் திரை, மறு பாதியில் கறுப்பு. கேமரா நாணயத்தின்மேல் குவிந்திருப்பதால் திரையின் ஓரம் குவியாமல் கலங்கி, தளத்தில் வெளுப்பிலிருந்து கறுப்புக்கு ஒரு மென்மையான சரிவாக விழும். அந்தச் சரிவு வந்த கணமே தளத்துக்கு ஆழம் வந்துவிடுகிறது. உருவம் ஒரு பக்கம் வெள்ளைமேல் இருளாகவும் மறுபக்கம் கறுப்பின்மேல் வெண்மையாகவும் நிற்கும். கையில் சாய்த்துப் பார்க்கும்போது கண் அடுத்தடுத்துக் காணும் இரண்டையும் ஒரே படம் தாங்குகிறது.

சாய்த்தால் வட்டம் முட்டையாகிவிடாதா என்று கேட்பார்கள். 5 பாகையில் 44 மில்லிமீட்டர் விட்டம் ஒரு திசையில் 43.8 ஆகக் குறுகும், அதைக் கணினியில் எளிதாகச் சரிசெய்யலாம். கூர்மைதான் உண்மையான சிக்கல். சாய்வினால் நாணயத்தின் ஒரு விளிம்பு மற்றதைவிடக் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் உயர்கிறது. முழுச்சட்டக் கேமராவில் நாணயம் பாதி அளவில் விழும்படி எடுக்கும்போது அபர்ச்சர் எஃப்/8இல் கூர்மையின் ஆழம் 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. எஃப்/11க்குப் போனால் 4ஐத் தொடலாம். அதற்கும் மேலே எஃப்/22 என்று போனால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுவதும் மழுங்கும். அவ்வளவு நெருக்கத்தில் எஃப்/8 என்று அமைத்ததே நடைமுறையில் எஃப்/12 ஆகிவிடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தளத்தைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அதன் விலை பல நாணயங்களின் விலைக்குச் சமம்.

மற்ற முறைகளை விரைவாகப் பார்த்துவிடலாம். லென்ஸில் மாட்டும் வளைய விளக்கு, தளத்தில் தன்னையே ஒரு வளையமாகப் பதித்துவிடும். நாணயத்தைச் சுற்றி வெள்ளைக் கூடாரம் கட்டுவது தளத்தையும் உருவத்தையும் ஒரே வெளுப்பாக்கி, நாணயச்சாலை பாடுபட்டுக் கொண்டுவந்த முரணை அழித்துவிடும். ஸ்கேனர் ஒரு பக்கச் சாய்வொளியில் வேலை செய்வதால் தளம் கறுத்து, உருவமும் உயிரின்றி வரும், பதிவுக்கு மட்டும் உதவும். ஆனால் கூடாரத்துக்கும் ஓர் இடம் உண்டு. அமெரிக்க நாணயச்சாலை 2006இல் வெள்ளி ஈகிள் நாணயத்தின் இருபதாம் ஆண்டுக்கு வெளியிட்ட தலைகீழ் புரூஃபில் தளம் பனிபூத்தது, உருவம் கண்ணாடி. வளைந்த கண்ணாடி அறை முழுவதையும் தன்னுள் காட்டும் என்பதால் அங்கே பரந்த, மென்மையான ஒளியே வழி. ஏழாம் எட்வர்டின் 1902 முடிசூட்டுத் தொகுதிபோல, கண்ணாடியே இல்லாத மேட் புரூஃப்களுக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தாது. ஒரு தாழ்ந்த விளக்கே அவற்றின் கூரிய விளிம்புகளை எடுத்துக்காட்டும்.

ஆய்வாளர்களின் பழைய வழியையும் இங்கே மதிப்போடு சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அருங்காட்சியக நூல்களும் ஏலப் பட்டியல்களும் நாணயத்துக்குப் பதிலாக அதன் பிளாஸ்டர் வார்ப்பைப் படமெடுத்து அச்சிட்டன. வார்ப்பில் பளபளப்பு இல்லை, கறை இல்லை, புடைப்பும் எழுத்தும் மட்டும் தெளிவாக நிற்கும். அச்சு வேறுபாடுகளை ஒப்பிட அதுவே சிறந்தது. பழங்கால நாணயங்களுக்குச் சரியான அந்த மரபு, மேற்பரப்பே உயிராக உள்ள புரூஃபுக்கு வந்தபோது உயிரை விட்டுவிட்டு உடலைப் பதிவு செய்தது.

கருவிகள் எதுவானாலும் சில அடிப்படைகள் மாறாது. கேமரா நாணயத்துக்கு நேர் செங்குத்தா என்று சோதிக்க நாணயத்தின் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் படத்தின் நடுவே வந்தால் கேமரா நேராக இருக்கிறது. கேமராவின் ஒளி அளவி எதைக் கண்டாலும் நடுச் சாம்பலாக்கவே பார்க்கும். கறுப்புத் தளம் பெரும்பரப்பாக இருப்பதைக் கண்டு அது எக்ஸ்போஷரைக் கூட்ட, பனி உருவம் வெளுத்துத் தன் நுண்மணிகளை இழக்கும். அதனால் மேனுவலில், ரா வடிவில், உருவத்தின் வெண்மைக்கு மட்டும் அளந்து எடுக்க வேண்டும். விளக்குகள் ஒரே வகையாக இருக்கட்டும், அறை விளக்கை அணைத்துவிடுங்கள். வெள்ளி தன்மேல் விழும் நிறம் எதையும் மறைக்காது. மஞ்சள் சுவரும் சிவப்புச் சட்டையும் தளத்தில் வந்து நிற்கும், படமெடுப்பவர் கறுப்புச் சட்டை போடுவது நல்ல பழக்கம்.

தூசி பற்றி ஒரே ஒரு கண்டிப்பு. ரப்பர் புளோயரால் ஊதுங்கள், வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி ஒன்று பட்டால் ஆண்டுகள் கழித்துக் கறையாக எழும். துணியால் தொடவே கூடாது. துடைத்த ஒவ்வொரு முறையும் தளத்தில் கோடுகள் விழுகின்றன. ஐம்பது பங்கு வெள்ளி, நாற்பது பங்கு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து என்ற கலவையில் அடிக்கப்பட்ட இந்திய 100 ரூபாய் நினைவு நாணயங்கள், காமராசர் நூற்றாண்டுக்கும் எம்.எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டுக்கும் வந்தவை போன்றவை, செம்பு மிகுதியால் ஈரக்காற்றில் சீக்கிரம் நிறம் மாறும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மழை நாளில் கேப்சூலைத் திறக்காமலே படமெடுப்பது மேல்.

கேப்சூலோடு எடுத்தால் பிளாஸ்டிக்கின் பளபளப்பு வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். தட்டையான பிளாஸ்டிக்கும் அதே எதிரொளிப்பு விதிக்குத்தான் கட்டுப்பட்டது. கறுப்புத் தள ஏற்பாட்டில் நாணயத்தின் தளம் கறுக்கும்போது கேப்சூலின் பளபளப்பும் தானே விலகிவிடும். மிஞ்சுவது பிளாஸ்டிக்கின் மேலுள்ள கீறல்கள். போலரைசர் ஃபில்டர் இதைத் தீர்க்கும் என்று வாங்குவது வீண். நேர் மேலிருந்து பார்க்கும்போது பிளாஸ்டிக்கின் எதிரொளிப்பை அது குறைக்காது. விளக்கிலும் ஒன்று, லென்ஸில் குறுக்காக ஒன்று என்று மாட்டினாலோ, உலோகத்தின் எதிரொளிப்பும் சேர்ந்து செத்துவிடும்.

செல்போனில் எடுப்பவர்கள்தான் இன்று அதிகம். அவர்களுக்கும் அந்த 88 மில்லிமீட்டர் வட்டமே விடை தருகிறது. போனின் பெரும் பகுதி அதற்குள் வந்துவிடுவதால் அது, பிடித்திருக்கும் விரல்களோடு, தளத்தில் தெரியும். போனின் பின்புறத்தில் ஓட்டையிட்ட கறுப்பு அட்டை ஒன்றை ஒட்டுங்கள். அகலக் கோண லென்ஸை விட்டு இரண்டு அல்லது மூன்று மடங்கு டெலி லென்ஸுக்கு மாறி எட்ட நின்று எடுங்கள். தானாகவே நிழலைத் தூக்கி வெளிச்சத்தை அமுக்கும் எச்.டி.ஆர். வசதியை அணைத்துவிடுங்கள். அது முரணைத் தணிக்கவே உருவானது, நமக்கு வேண்டியதோ முரண்.

இனி, பணம் சம்பந்தப்பட்ட பகுதி. கறுப்புத் தளத்தைக் கணினியில் இன்னும் கறுப்பாக்குவது சில நொடி வேலை. 1950களின் மங்கலான புரூஃப் ஒன்றை, விளக்கின் கோணத்தாலும் கான்ட்ராஸ்ட் கூட்டலாலும், அடர் வெண்மை கொண்டதாகக் காட்டிவிடலாம். கீறல்களைத் துடைத்து நீக்குவதும் அவ்வாறே. இது அலங்காரம் அல்ல, பொருளைப் பற்றிய பொய்த் தகவல். எந்தத் திருத்தம் செய்யலாம் என்பதில் என் எல்லை தெளிவானது. நாணயம் முழுவதுக்கும் ஒரே அளவில் செய்யும் வெளிச்ச, நிறத் திருத்தம் சரி. தளத்தை மட்டும் தனியே தேர்ந்தெடுத்துக் கறுப்பாக்குவது, நாணயத்தில் இருந்த ஒன்றைப் படத்திலிருந்து நீக்குவது, இரண்டும் கூடாது. பின்னணியின் தூசியை நீக்கலாம், நாணயத்தின் தூசியை மறுபடி ஊதிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். கறுப்புத் தளத்தைக் கறுப்புப் பின்னணியில் வெட்டி ஒட்டும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. நாணயத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகிறது, விளிம்பில் உள்ள அடிபட்ட தடமும் அதோடு மறைகிறது.

விற்பனைக்கோ ஆவணத்துக்கோ வைக்கும் ஒரு புரூஃப் நாணயத்துக்கு ஒற்றைப் படம் போதாது என்பதே இத்தனை முறைகளையும் பார்த்தபின் எனக்கு உறுதிப்படுகிறது. கறுப்புத் தளத்தில் ஒன்று, வெண்தளத்தில் ஒன்று, இரண்டு பக்கங்களுக்கும் எடுத்தால் நான்கு படங்கள். முடிந்தால் நாணயத்தின் அருகே அச்சடித்த ஒரு வரியைச் செங்குத்தாக நிறுத்தி, அது தளத்தில் எவ்வளவு தெளிவாக வாசிக்க வருகிறது என்று காட்டும் படம் ஒன்று. தளத்தின் கண்ணாடித் தன்மையைச் சேகரிப்பாளர்கள் அளக்கும் வழியே அதுதான். இவற்றோடு, விளக்கை அசைக்காமல் நாணயத்தை மெல்லச் சாய்த்து எடுத்த சில நொடி வீடியோவும் இருந்தால், கறுப்பு வெளுப்பாவதும் கீறல் மின்னி மறைவதும் வாங்குபவர் தன் கையில் பிடித்துப் பார்ப்பதற்கு மிக அருகில் வந்துவிடும். விளக்கு எந்தக் கோணத்தில் இருந்தது, கேப்சூல் இருந்ததா, தளம் கறுப்பா வெளுப்பா என்று ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி எழுதுவதற்குக் காசு செலவில்லை. நம் ஏலப் பட்டியல்களும் அருங்காட்சியகப் பதிவேடுகளும் அந்த ஒரு வரியை இன்றே தொடங்கலாம்.